கசிவற்ற மாநிலத்தின் கடைசி நோயாளி

இயக்குநர் அல்ஹாஜி முந்தாரியின் மார்பில், இடப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முக்கோணத் தழும்பு இருக்கிறது. அரசு குத்திய பதக்கம் அழுந்தி வந்த தடம் என்று அவருடைய ஆட்கள் சொல்கிறார்கள். எதிரிகள் வைத்த சூனியம் என்று அவருடைய இரண்டாவது மனைவி சொல்கிறாள். இரண்டும் இல்லை. வைத்தவன் நான். என் பெயர் பராவு. சிறுநீர்க்கசிவு ஒழிப்பு இயக்ககத்தின் மருத்துவமனையில் பதினேழு வருடம் துணி வெளுத்து இஸ்திரி போட்டவன்.

எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். பிரசவத்தில் பிள்ளை சிக்கிக்கொண்டு மூன்று நாள், நான்கு நாள் வெளியே வராமல் கிடந்து, பிள்ளையும் செத்து, தாயின் மூத்திரப்பையில் ஓட்டையும் விழுந்தவர்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு நின்றாலும் சொட்டும், படுத்தாலும் சொட்டும். புருஷன் வீட்டில் முதலில் பாய் மாறும், பிறகு அறை மாறும், கடைசியில் ஆட்டுக்கொட்டில். அங்கிருந்து எங்களிடம் வருவார்கள். அவர்கள் படுத்த விரிப்புகள் என்னிடம் வரும். எத்தனை பேருக்குக் குணமானது என்பதை அலுவலகத்தில் கேட்பதைவிட என் கொடியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது சுலபம்.

புழுதிக்காற்று தொடங்கிய வாரத்தில் வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள். ‘கசிவற்ற மாநிலத்துக்கு நல்வரவு.’ அதற்கு நேர் பின்னால் என்னுடைய நாற்பத்திரண்டு ஈர விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. பலகையைப் படம் எடுக்க வந்தவர் விரிப்புகளை இறக்கச் சொன்னார். இறக்கினேன். எடுத்து முடித்ததும் மறுபடி போட்டேன்.

அன்று இயக்குநர் எங்கள் எல்லாரையும் வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் பேசினார். வெள்ளை அங்கி, கஞ்சி போட்டது. போட்டவன் நானே.

"ஒரு நோய ஒழிக்கிறதுன்னா என்ன? நல்லா யோசிச்சுப் பாருங்க. அத எழுதறத நிறுத்தறது. அவ்வளவுதான். மத்த மாநிலத்துல முட்டாப்பசங்க இன்னும் எழுதிக்கிட்டே இருக்கானுங்க. நாம நிறுத்தியாச்சு. இனிமே ஒரே ஒரு நோயாளி. கடைசி நோயாளி. அவளயும் குணப்படுத்தி, அமைச்சர் முன்னால மேடையில காட்டறோம். தலைநகர்ல கேடயம் காத்துக்கிட்டிருக்கு."

டாக்டர் பில்கிசு கையைத் தூக்கினார். மாநிலம் முழுக்க இந்த ஓட்டையைத் தைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "உள்ள நாற்பத்திரண்டு பேர் இருக்காங்களே, அல்ஹாஜி?"

"இருக்காங்க. ஆனா நோயாளியா இல்ல. விருந்தாளியா இருக்காங்க. விருந்தாளிய வீட்டுக்கு அனுப்பலாம், தப்பில்ல."

கடைசி நோயாளித் தேர்வுக் குழு மூன்று நாள் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டது. ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும், தைத்தால் கட்டாயம் மூட வேண்டும், முகம் படத்துக்கு ஒத்துவர வேண்டும், வாய் இருக்கக் கூடாது. முதலில் நின்றவள் ஹிந்தே. பத்தொன்பது வருடமாகச் சொட்டுகிறாள், நான்கு முறை அறுத்துத் தைத்தும் மூடவில்லை. ஐந்தாவது முறைக்கு டாக்டர் நாள் குறித்திருந்தார். குழுவின் தலைவர் அவளிடம், அரசுக்கு நீ என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். குழுவின் தலைவர் அதை எழுதிக்கொள்ளவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னதில் எச்சிலும் இருந்தது.

டெலு வந்தது அந்த மூன்றாம் நாள் காலையில். இருபது வயதுப் பெண். எங்கோ வடக்கே ஒரு கிராமத்திலிருந்து மூன்று லாரி மாறி, ஒவ்வொன்றிலும் நாற்றம் என்று பாதி வழியில் இறக்கிவிடப்பட்டு, மீதியை நடந்து வந்திருந்தாள். வாசலில் காவலாளி டோகோ இருந்தான். நோய் ஒழிந்ததும் இயக்ககம் மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டுக் காவலாளிகளுக்கு மாட்டுத்தோல் சாட்டை வாங்கிக் கொடுத்திருந்தது. நான் கொடியடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வேணும்?"

"மூத்திரம் நிக்க மாட்டேங்குதுண்ணே. ஓயாம சொட்டுது."

"அந்த வியாதி முடிஞ்சுபோச்சு."

"எனக்கு முடியலியே?"

"பலகையப் படி."

"படிக்கத் தெரியாதுண்ணே."

"உனக்குத் தெரியாதுன்னா வியாதி இருக்குன்னு ஆயிடுமா?" என்று சொல்லி அவன் சாட்டையை வீசினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். மூன்றாவது அடிக்கு அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எந்தத் தேதில முடிஞ்சுதுண்ணே?"

டோகோவுக்குத் தேதி தெரியாது. அந்தக் கோபத்தில் நான்காவது அடி. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு செங்கல் பறந்துவந்து அவன் காதைக் கிழித்தது. எறிந்தவள் ஹிந்தே. டாக்டர் ஓடிவந்து டெலுவைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். அரை மணியில் வெளியே வந்து இயக்குநரிடம் சொன்னார்.

"விரல்நுனி அளவு ஓட்டை. ஓரமெல்லாம் நல்ல சதை. கட்டாயம் மூடும். உங்களுக்குக் கடைசி நோயாளி வேணும்ல? இவதான்."

இயக்குநர் டெலுவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முதுகில் ரத்தம் துணியில் ஒட்டியிருந்தது. "முதுகு படத்துல வராது. சரி," என்றார்.

அன்று மதியமே மற்றவர்களை அனுப்பும் பணி தொடங்கியது. அனுப்புவது என்று காகிதத்தில் இருந்தது. காவலாளிகள் ஒரு பக்கமிருந்து கட்டில்களைக் கவிழ்த்துக்கொண்டே வந்தார்கள். திரும்பி வந்து படுத்துவிடக் கூடாது என்று, டெலுவின் கட்டிலைத் தவிர மற்றவற்றின் கால்களைக் கோடாலியால் வெட்டினார்கள். தைத்து மூன்றே நாளான ஒருத்தி குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். இரண்டு பேர் அவளைக் கையும் காலுமாகத் தூக்கி லாரியில் எறிந்தார்கள். விழுந்த இடத்திலேயே தையல் பிய்ந்தது. பலகைகளுக்கு இடையே சிவப்பாக ஒழுகியதை நான் கண்ணால் பார்த்தேன். இயக்ககத்தின் அறிக்கையில் ‘விருந்தினர் வழியனுப்பு விழா’ என்று இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு நல்ல காரியம் செய்யத் தோன்றியது. என் வெளுப்புக் கொட்டகை பெரியது. ஈர விரிப்புகளை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பதினொரு பெண்களை அங்கே ஒளித்துவைத்தேன். ஹிந்தேயும் அதில் இருந்தாள். மூத்திர நாற்றம் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அது வெளுப்புக் கொட்டகை.

டெலுவுக்கு ஏன் இப்படி ஆனது என்று அவளுக்கே தெரியாது. அவள் சொன்னதை ஹிந்தே உட்கார்ந்து கேட்டாள். மூன்றாம் நாளும் பிள்ளை வராததால், உள்ளே உப்புக்கட்டி அடைத்திருக்கிறது என்று மருத்துவச்சி சவரக்கத்தியை விட்டு அறுத்தாளாம். எங்கள் பக்கத்தில் அதற்கு உப்புவெட்டு என்று பெயர். இல்லாத உப்பைத் தேடி எத்தனை பெண்களை அறுத்திருக்கிறார்களோ. பிள்ளை செத்து வந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் பாய் நனைந்திருந்தது.

"நான் பாவம் பண்ணிட்டேனாக்கா? மாமியா அப்படித்தான் சொன்னா."

"பாவமாவது மண்ணாவது. உன் மாமியாள உரல்ல போட்டு இடிக்க," என்றாள் ஹிந்தே. "பிள்ளையோட தல இருக்குல்ல, அது மூத்திரப்பைய எலும்போட வச்சு மூணு நாள் நசுக்கிச்சு. கைய கயித்தால இறுக்கிக் கட்டி மூணு நாள் விட்டா என்ன ஆகும்? கருத்து அழுகி விழும்ல? அதான் உள்ள நடந்துச்சு. அழுகி விழுந்த இடத்துல ஓட்டை. இதுல அல்லாவுக்கு உன்மேல என்ன கோவம் இருக்கு? ரோடு போடாத கவர்மென்ட்டு மேல கோவம் இருந்தா சரி."

அறுவை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் டெலுவுக்குக் குழாய் வைத்து, அதன் நுனியைக் கட்டிலடியில் ஒரு வாளியில் விட்டார். எல்லாரையும் கூப்பிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஓட்டைய மூடியாச்சு. ஆனா பச்சத் தையல். மூத்திரப்பை நிரம்பினா ஊதும், ஊதினா தையல் பிய்யும். அதனால பதினாலு நாள் இந்தக் குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கணும். இவ தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். சொட்டு நின்னா உடனே என்னக் கூப்பிடுங்க. பதினஞ்சாவது நாள்லேர்ந்து இவ மத்த பொண்ணுங்க மாதிரி."

ஹிந்தே அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். கொட்டகையிலிருந்து விரிப்புக் கூடையோடு கூடையாக வார்டுக்குப் போய், டெலுவின் வாயில் கெண்டியைச் சாய்த்தபடி இருப்பாள்.

"குடிடி."

"வயிறு வெடிச்சிரும்க்கா."

"வெடிக்கட்டும். மூடி இருக்கிற ஓட்ட தொறக்காம இருந்தா போதும். குடி."

வாளியில் சொட்டுச் சத்தம் நின்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவாள். பதினைந்தாம் நாள் காலையில் டெலு என்ன செய்யப்போகிறாள் என்று இருவரும் பேசிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். சந்தைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில், பயறு வடை விற்கிறவளின் பெஞ்சில், வேண்டுமென்றே ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் ஆசை.

எட்டாம் நாள் இயக்குநர் வார்டுக்கு வந்தார். அமைச்சர் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்புவதால் விழா நாளைக்கு என்று மாறிவிட்டது.

"நாளைக்கு ஒம்பதாம் நாள்தான் ஆகுது," என்றார் டாக்டர்.

"நீங்க ஒம்பது நாள் கொடுங்க. மிச்சம் அஞ்சு நாள நான் அரசாணையில சேத்துக்கறேன்."

"குழாய எடுத்தா பிய்ஞ்சிரும், அல்ஹாஜி."

"குழாயோட எப்படி மேடையேத்துறது? பாக்கறவன் இன்னும் குணமாகலன்னு நினைப்பான்ல. நாளைக்கு நிகழ்ச்சி என்னன்னு தெரியுமா? வெள்ளப் பட்டு மெத்த. கடைசி நோயாளி அதுல உக்காருவா. எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டா. அப்புறம் அமைச்சரே தன் கையால அவள எழுப்பி, மெத்தய தூக்கி ஜனங்களுக்குக் காட்டுவார். காஞ்ச மெத்த! உலகத்துல எந்த நாட்டுலயும் இப்படி ஒரு பரிசோதன கிடையாது. நான் கண்டுபிடிச்சது."

மெத்தை உறையைக் கஞ்சி போட்டுத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் வார்டுக் கதவில் குறுக்கே நின்றுகொண்டார். குழாயை எடுக்க விடமாட்டேன் என்றார். டோகோ அவரைப் பிடித்து மருந்து அறைக்குள் தள்ளினான். அவர் கதவுச் சட்டத்தைப் பற்றினார். டோகோ கதவைச் சாத்தினான். விரல்கள் அங்கேதான் இருந்தன. அவன் மறுபடி திறந்து, இன்னும் பலமாகச் சாத்தினான். மாநிலத்திலேயே அந்த ஓட்டையைத் தைக்கத் தெரிந்த ஒரே வலது கை அது. மூன்று விரல் நொறுங்கியது. அறிக்கையில் ‘காற்றினால் கதவு மூடிக்கொண்டது’ என்று இருக்கிறது.

அவர் அலறியதில்தான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது. விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் ஓடினேன். டெலுவையும் வாளியையும் குழாயையும் வண்டிக்குள் போட்டு, மேலே அழுக்குத் துணியைக் குவித்து, கொட்டகைக்குத் தள்ளினேன். பாதி வழியில் டோகோ பார்த்துவிட்டான். இரண்டு காவலாளிகளோடு கொட்டகைக்குள் நுழைந்து விரிப்புகளைக் கிழித்துக்கொண்டே வந்தான்.

"எங்கடா அவ? குழாய நானே புடுங்கறேன்."

"உள்ள குழாய் நுனியில பலூன் ஊதி நிக்குது, டோகோ. தண்ணிய உறிஞ்சி எடுக்காம இழுத்தா எல்லாத்தையும் கிழிச்சுக்கிட்டு வரும்," என்றேன்.

"வரட்டும்," என்றான்.

கடைசி விரிப்பைக் கிழித்தபோது அவனுக்கு எதிரே பதினொரு பெண்கள் நின்றார்கள். அவர்கள் கையில் துணி அடிக்கிற கட்டைகள் இருந்தன. பத்து வருடம், பதினைந்து வருடம் ஆட்டுக்கொட்டிலில் கிடந்து சேர்த்த கோபம் முழுக்க ஒரே சமயத்தில் இறங்கியது. முதல் அடியில் டோகோவின் முன்பற்கள் இரண்டும் என் சோப்புத் தொட்டியில் விழுந்தன. ஒருத்தி நனைந்த துணியை முறுக்கி ஒரு காவலாளியின் கழுத்தில் போட்டு இழுத்தாள். இன்னொருவன் கொதிக்கிற அண்டாவில் முழங்கை வரை கையை விட்டான், அவனாக விடவில்லை. மூன்று பேரையும் ஈர விரிப்பில் சுற்றிக் கட்டி மூலையில் போட்டார்கள். நான் கரி இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றேன். பயந்தேன். அதை மறைக்க எனக்கு இப்போது எந்தக் காரணமும் இல்லை.

வெளியே மேளம் கேட்டது. அமைச்சர் வந்துவிட்டார். இன்னும் பத்து நிமிடத்தில் யாராவது மேடைக்குப் போகாவிட்டால் போலீஸ் வந்து கொட்டகையைப் பிரிக்கும். அது எல்லாருக்கும் தெரிந்தது.

ஹிந்தே கெண்டியை எடுத்தாள். முழுவதையும் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். மூன்றாவதையும்.

"என்னக்கா பண்ற?" என்றாள் டெலு வண்டிக்குள்ளிருந்து.

"டாக்டர் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்கல்ல," என்றாள் ஹிந்தே. நீளமான முக்காட்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "முக்காட்டுக்குள்ள எவ டெலு, எவ ஹிந்தேன்னு அந்தப் பன்னிக்கு என்ன தெரியும்? நீ படு. வாளியப் பாத்துக்கோ. சொட்டு நின்னா பராவுகிட்ட சொல்லு."

டெலுவைத் தேடி வந்த எழுத்தர்கள் இருவர், முக்காட்டைப் பார்த்ததும் கடைசி நோயாளி என்று கும்பிடு போட்டுக் கூட்டிப்போனார்கள். நான் மெத்தை உறையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அதை விரிக்கும் கௌரவம் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

பேச்சுகள் ஒரு மணி முக்கால் நேரம் நடந்தன. தகவல் துறைக்காரர் இந்த நோய் தன் துறையின் சுவரொட்டிகளால் ஒழிந்தது என்றார். சாலைத்துறைக்காரர், சாலை இல்லாததால் நோயாளிகள் வர முடியவில்லை, நோயாளி வராததால் நோய் குறைந்தது, ஆகவே பெருமையில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றார். கைதட்டினார்கள். அமைச்சர் பேச எழுந்தபோது மெத்தையின் ஓரத்திலிருந்து முதல் சொட்டு விழுந்தது.

"என் ஆட்சியில ஒரு தாயோட கண்ணுலேர்ந்துகூட ஒரு சொட்டு..." என்று அமைச்சர் தொடங்கினார்.

பிறகு ஒழுகியது. மூன்று கெண்டித் தண்ணீரும் பத்தொன்பது வருடமும். மேடைப் பலகையில் ஓடி, சிவப்புக் கம்பளத்தில் கருப்பாகப் பரவி, இயக்குநரின் அங்கியின் ஓரத்தை நனைத்து, அமைச்சரின் செருப்புக்கடியில் நுழைந்து, கம்பளத்துக்குக் கீழே ஜெனரேட்டர் வயர்கள் செருகியிருந்த பெட்டியைத் தொட்டது. வெடிச்சத்தம். அமைச்சர் மைக்கைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் போய் விழுந்தார். புகை வந்தது. அத்தனை குழாய் ஸ்பீக்கர்களும் ஊமையாயின.

இயக்குநர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினார். "யாரும் பதற வேண்டாம்! இது கசிவு இல்ல! நோய் ஒழிஞ்சுபோச்சு. ஒழிஞ்ச நோய் எப்படிக் கசியும்? இது குடிநீர் வாரியத்தோட குழாய் உடைப்பு!"

முன்வரிசையில் இருந்த குடிநீர் வாரியப் பொறியாளர் துள்ளி எழுந்தார். "அபாண்டம்! எங்க குழாயில ஆறு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி வந்தது கிடையாது! நிரூபிக்கத் தயார்!"

அதற்கும் யாரோ பழக்கத்தில் கை தட்டினார்கள். ஹிந்தே எழுந்து நின்று முக்காட்டை எடுத்தாள்.

"உடைஞ்ச குழாய் நான்தான். பேரு ஹிந்தே. பத்தொம்பது வருஷமா ஒழுகறேன். முப்பத்தோரு பேர லாரியில ஏத்தி வெளிய எறிஞ்சானுங்க. தைக்கிற டாக்டரோட கைய கதவுல வச்சு நசுக்கிட்டானுங்க. இந்தா, மெத்தயத் தூக்கிக் காட்டு! காட்டுடா!"

அமைச்சர் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. அவளே தூக்கிக் காட்டினாள். அப்புறம் பிழிந்தாள்.

கூட்டத்துக்கு நடுவில், அமைச்சருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் நடனக் குழுவுக்கும் எதிரே, ஆறு காவலாளிகள் அவளைப் பந்தல் கம்புகளால் அடித்தார்கள். பெண்கள் கட்டைகளோடு ஓடிவந்து இரண்டு பேரின் மண்டையை உடைத்தார்கள். போதவில்லை. நான் மேலே விழுந்து அவளை மூடியபோது அவள் விலா உடைந்த சத்தம் என் வயிற்றுக்கடியில் கேட்டது. கட்டு அவிழ்ந்து வந்திருந்த டோகோ பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டே மிதித்தான். அமைச்சரின் வண்டி கிளம்பியபிறகுதான் நிறுத்தினார்கள். பார்க்க யாரும் இல்லாததால் களைப்புத் தெரிந்ததாம்.

மறுநாள் செய்தித்தாளில் மாநிலம் கசிவற்றதாக அறிவிக்கப்பட்டது. குடிநீர் வாரியத்தின் மேல் விசாரணை.

ஹிந்தே கொட்டகையில் ஐந்து நாள் கிடந்தாள். டாக்டர் வலது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இடது கையால் முடிந்ததைச் செய்தார். வேறு ஊர் மருத்துவமனைக்கு எடுத்துப்போக வண்டி கேட்டோம். வாசலுக்கு உள்ளே நோயாளி யாரும் இல்லை என்பதால் வாசலைத் திறக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஹிந்தே மூச்சுவிடும்போதெல்லாம் வாயில் ரத்த நுரை வந்தது. அந்த நிலையிலும் கையால் தரையைத் தட்டுவாள். டெலு ஊர்ந்து பக்கத்தில் போவாள்.

"குடிச்சியாடி?"

"குடிச்சேன்க்கா."

"வாளியக் காட்டு."

காட்டுவாள். பன்னிரண்டாம் நாள் சொட்டு நின்றுவிட்டது. சத்தம் நின்றதை முதலில் கேட்டவள் ஹிந்தே. பேச முடியாமல் என் காலைப் பிடித்து இழுத்தாள். குழாய்க்குள் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல, துணி வெளுக்கிற இந்தக் கையால் நான் ஊசிக்குழலில் தண்ணீர் ஏற்றிக் கழுவிவிட்டேன். வாளியில் மறுபடி சொட்டுச் சத்தம் கேட்டதும் ஹிந்தே காலை விட்டாள்.

பதினான்காம் நாள் அவள் வாளி கேட்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் டாக்டர் பலூனிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டு டெலுவின் குழாயை எடுத்தார். எழுந்து நடக்கச் சொன்னார். இருமச் சொன்னார். குனியச் சொன்னார். காலை முழுக்க டெலு ஒரு வெள்ளை விரிப்பின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். முகத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு ஹிந்தேயிடம் காட்ட ஓடினாள்.

"அக்கா, பாருக்கா. காஞ்சிருக்கு. அக்கா."

ஹிந்தே விடியும்போதே போயிருந்தாள். எங்களுக்குத் தெரியவில்லை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை.

பெண்கள் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். அவளுக்குக் கீழே கிடந்த விரிப்பை உருவி என்னிடம் கொடுத்தார்கள். முந்தின நாள் மாலை, அவளுக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போனபிறகு மாற்றிய விரிப்பு. பதினேழு வருடத்தில் ஹிந்தேயின் விரிப்பு என் கைக்குக் காய்ந்து வந்தது அன்றுதான். டெலுவின் விரிப்பையும் அதையும் மேஜையில் அடுத்தடுத்துப் போட்டேன். வெளுக்க ஒன்றும் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இஸ்திரிப்பெட்டியில் கரியைப் போட்டு விசிறினேன்.

அப்போது இயக்குநர் உள்ளே வந்தார். கேடயம் வாங்கத் தலைநகருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புது அங்கி. மூக்கை மூடிக்கொண்டு வந்தவர் மேஜையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். முதல் விரிப்பைத் தடவினார். இரண்டாவதையும் தடவினார். அவர் முகத்தில் அப்படி ஒரு உண்மையான சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாத்தியா பராவு? ரெண்டும் காஞ்சிருக்கு! நான் சொன்னேன்ல? எவனும் நம்பல!"

"ஆமாம் ஐயா. ரெண்டும் காஞ்சிருக்கு," என்றேன்.

"வண்டி நிக்குது. இந்த நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் கசங்கியிருக்கு பாரு. சட்டுனு ஒரு இழுப்பு இழுத்துவிடு."

பெட்டி நன்றாகச் சிவந்திருந்தது. அங்கியைக் கழற்றித் தருமாறு நான் சொல்லியிருக்க வேண்டாமா என்று பின்னால் வழக்கில் நீதிபதி கேட்டார். வண்டி நிற்கிறது என்று அவர் சொன்னார், ஐயா, அதனால் சொல்லவில்லை என்றேன். ஒரு கையால் இயக்குநரின் தோளைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தி, கசங்கிய இடத்தில் வைத்து, கசங்கல் போகும்வரை அழுத்திப் பிடித்தேன்.